வின்சர் ஆற்றங்கரையில் ஒரு காலை உணவு: இறைச்சி அருமை, காகித விரிப்பில் பிழை

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தின் தென்மேற்கு மூலையில், அமெரிக்க எல்லையாக ஓடும் டெட்ரோயிட் ஆற்றின் இக்கரையில் அமைந்திருக்கும் வின்சர் நகரத்தில், காலை ஏழு மணிக்குத் திறந்து பிற்பகல் மூன்று மணிக்கு மூடிவிடும் ஒரு சிறிய உணவகத்துக்கு 2025ஆம் ஆண்டில் இரண்டு முறை குடும்பத்தோடு சென்றுவந்தேன். முதல் முறை ஜூன் மாதக் கடைசி. இரண்டாம் முறை ஒக்டோபரில், கனடாவின் நன்றி நவிலல் நாள் வார இறுதி. குறைகளும் சொல்ல வேண்டியிருப்பதாலும், அதை நடத்தும் அம்மையார் அவற்றுள் ஒன்றைத் தாமே திருத்திக்கொண்டதாலும், உணவகத்தின் பெயரை எழுதாமல் விடுகிறேன். உணவுக்காக மட்டும் கேட்பவருக்கு என் பதில் எளிது: தாராளமாகப் போகலாம். மேசைமேல் விரித்துவைக்கும் தாளைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாங்கள் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறோம். என் சித்தியின் மகன், எனக்குத் தம்பி முறையானவர், மிச்சிகன் மாநிலத்தின் கன்டன் என்ற ஊரில் மனைவி பிள்ளைகளோடு இருக்கிறார். யாழ்ப்பாணத்தில் ஒரே வளவுக்குள் வளர்ந்த எங்களில் ஒருவர் கனடியராகவும் மற்றவர் அமெரிக்கராகவும் ஆனதற்கு, யாருக்கு எந்த நாட்டின் கதவு முதலில் திறந்தது என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. ஆயினும் கடவுச்சீட்டோடு சேர்த்து அந்தந்த நாட்டின் அபிப்பிராயங்களையும் நாங்கள் வாங்கிக்கொண்டோம். கனடியர்கள் எதையும் நேராகச் சொல்லமாட்டார்கள், மருத்துவரைப் பார்க்க ஒரு வருடம் காத்திருப்பார்கள் என்று அவர் சொல்வார். அமெரிக்கர்களுக்குத் தங்கள் நாட்டுக்கு வெளியே ஒன்றும் தெரியாது, எல்லாவற்றையும் உரத்த குரலில்தான் சொல்வார்கள் என்று நான் சொல்வேன். முன்பெல்லாம் ஒரு நீண்ட வார இறுதிக்கு அவர்கள் இங்கே வந்தால் அடுத்ததற்கு நாங்கள் அங்கே போவோம். 2025இன் தொடக்கத்தில், கனடாவை ஐம்பத்தோராவது மாநிலமாக்குவது பற்றி அமெரிக்க அதிபர் திரும்பத் திரும்பப் பேசியதும், அதைத் தொடர்ந்து வந்த வரிவிதிப்பும், எத்தனையோ கனடியர்களைப் போலவே என் தகப்பனாரையும் அந்தப் பக்கம் கால் வைப்பதில்லை என்ற முடிவுக்குக் கொண்டுவந்தன. ஆகவே இருதரப்பும் சந்திப்பதற்கு வின்சரைத் தெரிவுசெய்தோம். அவர்களுக்கு முக்கால் மணிநேரப் பயணம். எங்களுக்கு 401 நெடுஞ்சாலையில் நான்கு மணிநேரம்.

உணவகம் ஆற்றோரச் சாலையில் இருக்கிறது. சன்னலோர மேசைகள் ஆறு மட்டுமே. அவற்றில் ஒன்று கிடைத்தால் ஒரு கிலோமீற்றருக்கும் குறைவான அகலமுள்ள ஆறும், அதற்கப்பால் டெட்ரோயிட்டின் உயர்ந்த கட்டடங்களும் முழுமையாகத் தெரியும். பலருக்கு நம்பக் கடினமான ஒரு செய்தி, அந்தச் சன்னல் வடக்கு நோக்கியது என்பதாகும். இந்த இடத்தில் ஆறு வளைந்து ஓடுவதால், கனடா தெற்கிலும் அமெரிக்கா வடக்கிலும் இருக்கின்றன. "கனடாவுக்கு மேலே போகிறோம்" என்று தம்பியின் பிள்ளைகள் வீட்டில் சொல்லிவிட்டுத் தெற்கு நோக்கியே சுரங்கப்பாதையைக் கடந்து வந்திருந்தார்கள். இடப்பக்கம் பார்த்தால் 1929இல் திறக்கப்பட்ட அம்பாசிடர் பாலமும், அதற்கும் அப்பால் கோர்டி ஹாவ் பெயரைத் தாங்கிய புதிய பாலத்தின் கோபுரங்களும் தெரியும்.

அந்தப் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. உணவகத்தின் கதவில் முழங்கையை உயர்த்திய ஒரு ஹொக்கி வீரரின் படம் ஒட்டப்பட்டிருக்கிறது. 2025இல் கனடா முழுவதும் எதிர்ப்பின் அடையாளமாகச் சொல்லப்பட்ட "முழங்கையை உயர்த்து" என்ற தொடர், விளையாட்டில் முழங்கையால் தம் இடத்தைக் காத்துக்கொண்ட கோர்டி ஹாவிடமிருந்து வந்தது. கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத்தில் பிறந்த அவர் 1946 முதல் 1971 வரை இருபத்தைந்து பருவங்கள் ஆடியது எதிர்க்கரையில் இருக்கும் டெட்ரோயிட் ரெட் விங்ஸ் அணிக்காக. அமெரிக்காவுக்கு எதிராகக் கனடியர்கள் உயர்த்திப் பிடித்த முழங்கை டெட்ரோயிட் ரசிகர்கள் கால் நூற்றாண்டு கைதட்டி வளர்த்த முழங்கை என்பது வின்சர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களிலும் பலர் ரெட் விங்ஸ் ரசிகர்களே.

இனி உணவு. இந்த உணவகத்தின் சிறப்பு, சோளமாவில் புரட்டிய பன்றி முதுகிறைச்சி. ஒன்ராறியோவில் இதைப் பீமீல் பேக்கன் என்பார்கள். பன்றியின் முதுகுப் பகுதியில் எலும்பும் கொழுப்பும் நீக்கிய இறைச்சியை உப்பும் இனிப்பும் கலந்த நீரில் ஊறவைத்து, புகையூட்டாமல், வெளிப்புறத்தை மாவில் புரட்டி எடுப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரொறன்ரோவிலிருந்து இங்கிலாந்துக்கு இறைச்சி ஏற்றுமதி செய்த வில்லியம் டேவிஸ் இந்த முறைக்குக் காரணமாகச் சொல்லப்படுகிறார். அப்போது மஞ்சள் பட்டாணி மாவைப் பயன்படுத்தியதால் வந்த பெயர், பின்னாளில் சோளமாவுக்கு மாறிய பிறகும் நிலைத்துவிட்டது. இங்கே அதை அரை விரல் கனத்துக்கு வெட்டித் தோசைக்கல் போன்ற அகன்ற இரும்புத் தட்டில் போடுகிறார்கள். மாவு ஒட்டிய விளிம்பு மட்டும் பொன்னிறமாகி மொறுமொறுப்பாகிறது. நடுப்பகுதி ஈரம் வற்றாமல் இளஞ்சிவப்பாகவே இருக்கிறது. மூன்று துண்டுகளை அடுக்கி, வெண்ணெய் தடவி வாட்டிய பணிசுக்குள் வைத்து, கடுகு விழுதைத் தனியாகத் தருகிறார்கள். விலை 16 டொலர். ரொறன்ரோவின் செயின்ட் லோரன்ஸ் சந்தையில் பலமுறை உண்டிருக்கிறேன். இது அதற்குச் சற்றும் குறைந்ததில்லை.

தம்பி உணவுப் பட்டியலை வாங்கியவுடன் தேடியது "கனடியன் பேக்கன்". அந்தப் பெயரில் அங்கே எதுவும் இல்லை. அமெரிக்காவில் அப்பெயரில் விற்கப்படுவது, புகையூட்டிச் சமைத்து வட்டமாக வெட்டிய, ஏறக்குறைய ஹாம் போன்ற ஒரு பொருள். கனடாவில் யாரும் அதை அப்படி அழைப்பதில்லை. இருபது ஆண்டுகளாகக் கனடிய உணவு என்று நம்பித் தாம் காலையில் உண்டது கனடியர்கள் அறியாத ஒன்று என்று கேட்டபோது அவருக்கு உண்மையாகவே வியப்பு ஏற்பட்டது. அடுத்த வீட்டுக்காரருக்கு நாம் வைக்கும் பெயர் பெரும்பாலும் இவ்வாறுதான் வாழ்கிறது. அவர் வீட்டுக்குள் அது ஒருபோதும் போவதில்லை. இதே கணக்கில் மறுபுறமும் ஒன்று உண்டு. அன்னாசித் துண்டுகள் போட்ட ஹவாய் பீட்சாவை அமெரிக்கரின் விபரீதம் என்று எங்கள் அலுவலகத்தில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது 1962இல் வின்சரிலிருந்து ஒரு மணிநேரத் தூரத்திலுள்ள சாத்தம் என்ற ஒன்ராறியோ ஊரில், கிரேக்கத்திலிருந்து குடியேறிய சாம் பனோபொலஸ் செய்தது.

முதலாவது குறை, பான்கேக்மேல் ஊற்றும் இனிப்புப் பாணியில் இருக்கிறது. பான்கேக் கேட்டால், மேப்பிள் இலை அச்சிட்ட சிறு பீங்கான் குவளையில் சோளச் சர்க்கரையும் நிறமூட்டியும் சேர்ந்த கெட்டியான பாணியைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். உண்மையான மேப்பிள் பாணி வேண்டுமானால் 2 டொலர் மேலதிகம். உலகத்தின் மேப்பிள் பாணியில் ஏறத்தாழ எழுபது விழுக்காட்டைக் கியூபெக் என்ற ஒரே மாகாணம் தரும் நாட்டில், சுவரெங்கும் அந்த இலையை ஒட்டிவைத்த உணவகத்தில், இதை ஏற்க முடியவில்லை. பக்கத்து மேசையில் ஒரு முதியவர் போலிப் பாணியை ஊற்றிக்கொண்டு, கனடாவின் சுவையே தனி என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பான்கேக்கின் விலையை ஒரு டொலர் கூட்டியாவது எல்லோருக்கும் நல்ல பாணியைக் கொடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒக்டோபரிலும் அது மாறியிருக்கவில்லை.

பொரித்த உருளைக்கிழங்கின்மேல் பாலாடைக் கட்டிகளும் குழம்பும் சேர்த்த பூட்டின் என்ற கனடிய உணவு சுமார். உருளைக்கிழங்கு நன்றாகப் பொரிக்கப்பட்டிருந்தாலும் பாலாடைக் கட்டிகள் பழையவை. கடிக்கும்போது எழ வேண்டிய கிறீச்சொலி இல்லை. கோப்பி நன்று, கேட்காமலே மீண்டும் நிரப்புகிறார்கள். மதுவகைப் பட்டியலில் கலிபோர்னியா வைனும் கென்டக்கி விஸ்கியும் கோடிட்டு அடிக்கப்பட்டிருந்தன. மாகாண மதுபானச் சபை 2025 மார்ச் 4ஆம் திகதி அமெரிக்க மதுவகைகளை அகற்றியதிலிருந்து உணவகங்களுக்கும் அவை கிடைப்பதில்லை.

எதிர்பாராமல் என்னைக் கவர்ந்தது "எதிர்க்கரை" என்ற தலைப்பின்கீழ் இருந்த ஒரே உணவு, டெட்ரோயிட் கோனி. நீண்ட பணிசில் ஒரு சொசேஜ், அதன்மேல் பயறு சேர்க்காத நீர்த்த காரக் குழம்பு, மஞ்சள் கடுகு, பொடியாக நறுக்கிய வெங்காயம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிரேக்கக் குடியேறிகள் டெட்ரோயிட்டில் பரப்பிய உணவு இது. உணவகத்தை நடத்தும் அம்மையார் லெபனானில் பிறந்தவர். அவருடைய அக்கா ஆற்றுக்கு அப்பால் டியர்போர்னில் இருக்கிறார். குழம்பின் பக்குவம் அக்காவினுடையது. 2025 வசந்த காலத்தில், அமெரிக்கப் பொருள் எதுவும் வேண்டாம் என்று வாடிக்கையாளர்கள் சொல்லத் தொடங்கியபோது, சொசேஜை ஒன்ராறியோக்காரரிடம் வாங்க ஆரம்பித்ததாகவும், ஆனால் பட்டியலிலிருந்து கோனியை எடுக்கும்படி சிலர் கேட்டதற்கு மட்டும் இணங்கவில்லை என்றும் சொன்னார். "அது அக்காவின் கைமணம், எப்படி எடுப்பேன்?" என்று கேட்டார். பக்குவம் குறைவில்லாத உணவு. அதை மட்டும் உண்பதற்காகவும் இங்கே வரலாம்.

சேவையைப் பொறுத்தவரை, பரிசாரகர்கள் விரைவானவர்கள், முகம் சுளிக்காதவர்கள். டிப்ஸ் விடயத்தில் தம்பிக்கும் எனக்கும் பழைய வழக்கு ஒன்று உண்டு. மிச்சிகனில் பரிசாரக வேலை செய்பவர்களிடையே, கனடிய வாகன இலக்கத் தகட்டைக் கண்டாலே டிப்ஸ் குறையும் என்ற பேச்சு இருப்பதாக அவர் சொல்வார். அதில் உண்மை இருந்தாலும் காரணம் கஞ்சத்தனமன்று. ஒன்ராறியோவில் 2022 ஜனவரியிலிருந்து பரிசாரகர்களுக்கும் மற்றவர்களுக்குரிய அதே குறைந்தபட்ச ஊதியத்தைக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். மிச்சிகனிலோ டிப்ஸ் பெறுபவர்களுக்கு முதலாளி கொடுக்க வேண்டிய அடிப்படை ஊதியம் பொதுக் குறைந்தபட்சத்தின் பாதியைக்கூட எட்டுவதில்லை. மீதியை வாடிக்கையாளர்தான் நிரப்புகிறார். இரண்டு சட்டங்களுக்கு இடையிலுள்ள வேறுபாடு, எல்லையைத் தாண்டும்போது ஒரு இனத்தின் குணமாக மாறிவிடுகிறது. அன்று தம்பி 20 விழுக்காடு வைத்தார். நானும் அதையே வைத்தேன்.

இடம் கிடைக்க நாற்பது நிமிடம் காத்திருந்தோம். அப்போது மிச்சிகனிலிருந்து வந்திருந்த ஒரு வயோதிகத் தம்பதியர், கைத்தடியோடு நின்ற என் தகப்பனாரைக் கண்டு, தங்களுக்கு வந்த சன்னலோர மேசையை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள். அதோடு நில்லாமல், எங்கே பிறந்தவர், எத்தனை பிள்ளைகள், குளிர் பழகிவிட்டதா என்று அந்தப் பெரியவர் வாஞ்சையாக விசாரித்தார். ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில் பதினோரு ஆண்டுகளாக வாழும் கனடியர், கண்டவுடன் புன்னகைத்துக் கையசைப்பார். அப்பாவின் பெயர் அவருக்குத் தெரியாது. முன்பின் அறியாதவரிடம் தயங்காமல் பேசும் அமெரிக்கரின் இந்தப் பழக்கத்தைத்தான் உரத்த குரல் என்றும் அடக்கமின்மை என்றும் நான் இத்தனை நாள் சொல்லிவந்தேன். பிரியும்போது அந்தப் பெரியவர், தம் அரசாங்கம் பேசிய பேச்சுக்காக மன்னிப்புக் கேட்டார். அப்பா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை.

மன்னிப்புக் கேட்பது கனடியரின் தனிச் சொத்து என்பதுதான் மேசைத்தாளின் முதல் வரி. தாளின் இடப்பக்கம் "நாங்கள்", வலப்பக்கம் "அவர்கள்" என்று இரண்டு பத்திகள். நாங்கள் பணிவானவர்கள், அவர்கள் உரத்த குரல்காரர்கள். எங்கள் வைத்தியசாலை இலவசம், அவர்களுடையது வீட்டை விற்கவைக்கும். நாங்கள் அடிமைகளுக்கு அடைக்கலம் கொடுத்தோம். நாங்கள் 1814இல் அவர்களுடைய வெள்ளை மாளிகையை எரித்தோம். 2025 மார்ச்சில், நாடே கொதித்துக்கொண்டிருந்த நாட்களில் அச்சடித்தது என்று அம்மையார் சொன்னார். அந்தக் கோபம் எனக்கும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. 1969இல் வாஷிங்டனில் பேசிய பிரதமர் பியேர் ட்ரூடோ, அமெரிக்காவுக்கு அருகில் வாழ்வது யானையோடு படுத்துறங்குவது போன்றது, அது எவ்வளவு சாதுவானாலும் அதன் ஒவ்வொரு அசைவும் முனகலும் நம்மைப் பாதிக்கும் என்ற பொருள்படச் சொன்னார். நான்கு கோடிப் பேர் முப்பத்து நான்கு கோடிப் பேருக்கு அருகில் படுத்திருக்கும்போது உறக்கம் இலேசாகத்தான் இருக்கும். ஆனால் கோபத்தில் எழுதினாலும் உண்மையை எழுத வேண்டும்.

1812இல் அமெரிக்காவுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையே தொடங்கிய போரில், வெள்ளை மாளிகையை 1814 ஓகஸ்டில் எரித்தவர்கள் ஜெனரல் ரொபர்ட் ராஸ் தலைமையில் கடல்வழியாக வந்த பிரித்தானியப் படையினர். கனடா என்ற நாடு உருவானதே 1867இல். எங்களுடைய ரொறன்ரோ அப்போது யோர்க் என்ற பெயரில் இருந்தது. 1813 ஏப்ரலில் அதன் நாடாளுமன்றக் கட்டடங்கள் அமெரிக்கப் படையெடுப்பின்போது எரிந்தன என்பதைத் தாள் சொல்லவில்லை. இதைவிட எனக்கு வருத்தம் தந்தது, அந்தச் சன்னலுக்கு நேரெதிரே நடந்த நிகழ்ச்சியை விட்டுவிட்டதுதான். 1812 ஓகஸ்ட் 16ஆம் திகதி, இக்கரையிலிருந்து ஆற்றைக் கடந்த பிரித்தானிய ஜெனரல் ஐசக் ப்ரொக்கின் படையிடமும், டெக்கும்சே தலைமையிலான முதற்குடி வீரர்களிடமும் அமெரிக்க ஜெனரல் வில்லியம் ஹல் டெட்ரோயிட் கோட்டையை ஒப்படைத்தார். பெருமை பேசுவதானால் அதைப் பேசியிருக்கலாம். டெக்கும்சேயின் பெயரையாவது பிள்ளைகள் அறிந்திருப்பார்கள்.

அடைக்கலம் கொடுத்த கதை மெய்யே. அடிமைத்தளையிலிருந்து தப்பி இந்த ஆற்றைக் கடந்து வந்தவர்களுக்கு 2001இல் இரு கரைகளிலும் நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டிருக்கிறது. உணவகத்திலிருந்து நடந்து போய்ப் பார்க்கலாம். ஆனால் மேல் கனடா என்று அப்போது அழைக்கப்பட்ட இன்றைய ஒன்ராறியோவின் 1793ஆம் ஆண்டுச் சட்டம் அப்போது அடிமையாக இருந்தவர்களை விடுவிக்கவில்லை. புதிதாக அடிமைகளைக் கொண்டுவருவதைத் தடுத்தது, அதன்பின் அடிமைத் தாய்க்குப் பிறக்கும் பிள்ளைகள் இருபத்தைந்து வயதில் விடுதலை பெறுவர் என்றது, அவ்வளவே. அந்த நாட்களில் கனடியக் கரையிலிருந்து டெட்ரோயிட்டுக்குத் தப்பியோடி விடுதலை பெற்றவர்களும் உண்டு. இந்த ஆறு இரண்டு திசையிலும் மனிதரைக் காத்திருக்கிறது. வைத்தியசாலை பற்றிய வரியும் இப்படித்தான்: வின்சரில் வாழும் நூற்றுக்கணக்கான தாதியர் நாள்தோறும் சுரங்கப்பாதையையோ பாலத்தையோ கடந்து டெட்ரோயிட் வைத்தியசாலைகளில் வேலை செய்கிறார்கள். எங்கள் பொது மருத்துவக் காப்புறுதியை நான் எதற்காகவும் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனாலும் அந்த வரியை எழுதியவர் ஒரு வின்சர்த் தாதியிடம் முதலில் கேட்டிருக்கலாம்.

இவற்றையெல்லாம் பெரியவர்கள் வாசித்துச் சிரித்துவிட்டுப் போகலாம். தம்பியின் மகளுக்குப் பதினொரு வயது. தட்டு வருவதற்குமுன் அவள் தாளை எழுத்துக்கூட்டி வாசித்தாள். அதுவரை பாலத்தைப் பற்றியும் தன் நாயைப் பற்றியும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த பிள்ளை, வாசித்து முடித்தபின் ஒன்றும் பேசவில்லை. பான்கேக்கைச் சிறு சிறு துண்டாக வெட்டினாள், உண்ணவில்லை. என் பக்கம் சாய்ந்து, "பெரியப்பா, நான் சத்தமாவோ கதைக்கிறன்?" என்று காதோடு கேட்டாள். என் தட்டில் இருந்த அருமையான இறைச்சி அதற்குப்பின் இறங்கவில்லை. அவள் தகப்பனை நான் எத்தனையோ முறை "அமெரிக்கக்காரர்" என்று கேலி செய்திருக்கிறேன். அவள் அதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

கல்லாவில் பணம் கட்டும்போது அம்மையாரிடம் இதைச் சொன்னேன். அவர் உடனே "மன்னிக்க வேண்டும்" என்றார். ஒன்ராறியோவில் மன்னிப்புக் கேட்பது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது என்று 2009இல் ஒரு சட்டமே இயற்றியிருக்கிறார்கள். ஆகவே அந்தச் சொல்லுக்கு இங்கே எடை குறைவு என்று எண்ணிக்கொண்டு வெளியேறினேன். ஒக்டோபரில் திரும்பிச் சென்றபோது, பிள்ளைகள் அமரும் மேசைகளில் தாள்களைக் கவிழ்த்து விரித்திருந்தார்கள். வெறும் பக்கம் மேலே. பக்கத்தில் ஒரு குவளை நிறைய வண்ணப் பென்சில்கள். அந்தத் திங்கட்கிழமை அமெரிக்காவிலும் விடுமுறையாக இருந்ததால் தம்பியின் குடும்பம் முதல்நாளே வந்து தங்கியிருந்தது. மகள் இரண்டு பாலங்களையும் வரைந்து, நாயை ஒரு பாலத்தின் நடுவில் நிறுத்தி, அதற்கு என்ன பெயர் வைத்தாள் என்ற கதையை உணவகம் முழுவதும் கேட்கும்படி என் அப்பாவுக்குச் சொன்னாள்.

பெரியவர்களின் மேசைகளில் பழைய தாள்தான் இன்னும் இருக்கிறது. அச்சடித்தது தீர்ந்தவுடன் மாற்றுவதாகவும், டெக்கும்சேயைச் சேர்ப்பதாகவும் சொல்லியிருக்கிறார். நான் வரலாற்றுக் குறிப்புகளை எழுதி அனுப்பியிருக்கிறேன்.

செல்ல விரும்புவோருக்குச் சில விவரங்கள். சனி, ஞாயிறுகளில் ஒன்பது மணிக்குமுன் போய்விடுங்கள். அதற்குப்பின் முற்றத்தில் வரிசையில் நிற்க நேரும். வாகனத் தரிப்பிடம் பின்புறம் எட்டு மட்டுமே, ஆற்றோரத்தில் கட்டணத் தரிப்பிடம் உண்டு. நான்கு பேர் வயிறார உண்டால், வரியும் டிப்ஸும் சேர்த்து 110 கனடிய டொலர் வரும். முதுகிறைச்சிப் பணிசு ஒன்றும் கோனி ஒன்றும் வாங்கி இருவர் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்வதே சிறந்த தெரிவு. பான்கேக் வாங்கினால் நல்ல பாணியை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சன்னலோர மேசை கிடைத்து, உங்களுக்குப் பின்னால் கைத்தடியோடு யாராவது நின்றால், அதை அவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். சுவரோர மேசையிலிருந்தும் பாலம் பாதி தெரியும்.